சட்டமும் ஒரு வேதமா?

“சட்டம் எனக்குத் தெரியாது” என்று எந்தக் கோர்ட்டிலாவது ஒருவன் சொன்னால், அந்தச் சமாதானத்தை எந்த ஜட்ஜும் ஒப்புக்கொள்ள மாட்டார். சட்டம் தெரியாதென்பது குற்றத்திற்கு மன்னிப்பாகாது என்பது இந்நாட்டில் மாத்திரமல்லாமல், நாகரிக நாடுகள் என்று பேர் படைத்த நாடுகள் அநேகமாய் எல்லாவற்றிலும் இருந்துவரும் விதியாகும். நல்லது, அவ்விதியை நாம் ஆட்சேபிக்க வரவில்லை. ஆனால் எல்லோரும் சட்டத்தைத் தெரிந்துகொண்டே தீரவேண்டும் என்று கட்டளையிடுகின்ற சர்க்கார், அந்தச் சட்டத்தை எங்கே வைத்திருக்கிறது, எந்தப் பாஷையில் வைத்திருக்கிறது, என்ன விலைக்கு வைத்திருக்கிறது என்கின்ற மூன்று கேள்விகளைக் கேட்பதற்கு நமக்குப் பாத்தியம் உண்டா இல்லையா? இம்மூன்றையுந்தான் இவ்வாரம் கேட்க முன்வருகின்றோம்.

வேதம் என்பதாக ஒன்றைச் சொல்லி, அதைச் சூத்திரன் காதால் கேட்டுவிட்டால் அக்காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்ற வேண்டும் என்று கௌதம தர்ம சூத்திரம் எழுதி வைத்திருப்பது நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. அவன் படிக்கவும் கூடாது, கேட்கவும் கூடாது, ஆனால் அதன்படி நடக்க மாத்திரம் வேண்டும், நடவாவிட்டால் தண்டனை! இதைவிடப் பெரிய மோசடி ஒன்றை மனித புத்தி கண்டுபிடித்திருக்குமா என்பது சந்தேகமே. படிக்க முடியாத சட்டத்திற்குக் கட்டுப்பட்டு நடப்பவன் குடிமகன் ஆகமாட்டான், அடிமையே ஆவான்.

பிறகு வந்த வெள்ளைக்காரர் ஆட்சியாவது இதை மாற்றிற்றா என்றால், அதுவும் இல்லை. 1772-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் போட்ட திட்டத்தின்படி, இந்துக்களுடைய வாரிசு, விவாகம், ஜாதி முதலிய விஷயங்களுக்குச் சாஸ்திரமே சட்டம் என்று ஏற்பட்டது. சாஸ்திரத்தில் என்ன இருக்கிறதென்று சொல்வதற்குக் கோர்ட்டுக்குக் கோர்ட்டு பண்டிதர்கள் நியமிக்கப்பட்டார்கள். பண்டிதர் வாயிலிருந்து வருவதே சட்டம்! ஜட்ஜாய் இருந்த வில்லியம் ஜோன்ஸ் என்பவருக்கு இந்தப் பண்டிதர்களிடம் நம்பிக்கை ஏற்படாமல், தாமே சமஸ்கிருதம் படித்து மனுவை இங்கிலீஷில் மொழிபெயர்த்து 1794-ல் வெளியிட வேண்டியதாயிற்று. கோர்ட்டுப் பண்டிதர் உத்தியோகம் 1864-ல்தான் ஒழிந்தது. ஜட்ஜையே ஏமாற்றக்கூடியவர்கள் குடியானவனை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

இந்த வித்தை நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமென்று யாரும் பெருமைப்பட வேண்டியதில்லை. பழைய ரோமாபுரியிலும் சட்டம் மேல்ஜாதிப் புரோகிதர்களின் இரகசியமாகவே இருந்தது. பாமர மக்கள் கிளர்ச்சி செய்த பிறகே கி.மு. 450 வாக்கில் பன்னிரண்டு பலகைகளில் சட்டத்தை எழுதிப் பொது இடத்தில் வைத்தார்கள். அப்பொழுதும் வழக்குத் தொடுப்பதற்குச் சொல்லவேண்டிய வாசகம் இன்னதென்பதையும், எந்த நாளில் கோர்ட்டு உண்டு, எந்த நாளில் இல்லை என்பதையும் புரோகிதர்கள் தங்கள் மடியிலேயே கட்டி வைத்துக் கொண்டார்கள். கி.மு. 304-ல் கினியஸ் பிளேவியஸ் என்கின்ற ஒரு குமாஸ்தா, அடிமையாயிருந்து விடுதலை பெற்றவனுடைய மகன், அவையெல்லாவற்றையும் பகிரங்கமாய் வெளியிட்டுவிட்டான். அன்றைக்குப் போயிற்று புரோகிதனுடைய கிராக்கி! அடிமையின் மகனே அந்தப் பூட்டை உடைத்தான் என்பதை நம் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிற்க, இன்றைக்கு யார் காதிலும் யாரும் ஈயம் ஊற்றுவதில்லை. ஆனால் பூட்டு போய்விட்டதா? விலை என்று ஒரு பூட்டு, பாஷை என்று ஒரு பூட்டு, எங்கே தேடுவது என்று தெரியாமை ஒரு பூட்டு, ஆக மூன்று பூட்டுகள் இன்னும் தொங்குகின்றன. இவற்றில் முதற்பூட்டை உலகத்தில் பல நாட்டார் உடைத்துவிட்டார்கள். இணையம் என்கின்ற சாதனம் வந்தபின் அவர்கள் செய்த காரியத்தைச் சற்று விவரமாய்ச் சொல்லுகின்றோம்.

1992-ல் அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்டர் மார்ட்டின், தாமஸ் புரூஸ் என்கின்ற இருவர், சட்டத்தை இணையத்தில் இலவசமாய்ப் போடுவதற்கென்று ஒரு நிலையத்தை ஆரம்பித்தார்கள். 1995-ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு சர்வகலாசாலைகள் சேர்ந்து ‘ஆஸ்ட்லீ’ என்பதை ஆரம்பித்தன. 2000-ல் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் ‘பெய்லீ’ வந்தது. கானடாவில் ‘கேன்லீ’ என்பதை வக்கீல் சங்கங்களே தங்கள் அங்கத்தினர்களிடம் பணம் வசூலித்து நடத்துகின்றன. வக்கீல்கள் காசு போட, ஊரார் இலவசமாய்ப் படிக்கிறார்கள்! தென்னாப்பிரிக்காவுக்குச் ‘சாஃப்லீ’ இருக்கிறது. பசிபிக் சமுத்திரத்திலுள்ள சின்னஞ்சிறு தீவுகளுக்குங்கூடப் ‘பேக்லீ’ என்று ஒன்று, வனுவாட்டு தீவிலிருந்து நடக்கிறது. 2002-ல் இவர்கள் மாண்ட்ரீல் நகரத்தில் கூடி, பொதுச் சட்ட விவரங்கள் மனித வர்க்கத்தின் பொதுச்சொத்து என்று ஒரு பிரகடனமும் செய்தார்கள். பல தேசங்களின் சட்டங்களையும் தீர்ப்புகளையும் ஒரே இடத்திலிருந்து தேடுவதற்கு ‘வேர்ல்ட்லீ’ என்பதும், காமன்வெல்த் தேசங்களுக்குக் ‘காமன்லீ’ என்பதும் இருக்கின்றன.

சர்க்கார்களும் சும்மா இருக்க முடியவில்லை. பிரான்சு தேசத்துச் சர்க்கார் 2002-ல் தன் சட்டங்களை ‘லெஜிஃப்ரான்ஸ்’ என்பதில் இலவசமாய்த் திறந்துவிட்டது. பிரிட்டிஷ் சர்க்கார் 2010-ல் சட்டங்களுக்கென்று ஒரு தளம் வைத்தது. அதில் 1267-ம் வருஷத்துச் சட்டத்தில் இன்னும் அமுலில் உள்ள பாகத்தைக்கூடப் படிக்கலாம். 2022 முதல் அந்நாட்டுத் தீர்ப்புகளையும் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகமே வெளியிடுகிறது.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது போல, குறுக்கே நிற்பவர்களும் எங்கும் உண்டு. அமெரிக்காவில் தீர்ப்புகளுக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாதென்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 1834-லேயே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் ஜார்ஜியா என்கின்ற மாநிலம், தன் சட்டத் தொகுப்பைக் குறிப்புகளுடன் ஒரு கம்பெனி மூலம் 412 டாலருக்கு விற்றது. குறிப்பில்லாத வெறும் சட்டந்தான் இலவசம். இதில் என்ன மோசம் என்றால், கோர்ட்டு செல்லாதென்று தள்ளிவிட்ட பிரிவுகளும் அந்த வெறும் சட்டத்தில் உயிரோடிருப்பதுபோல் தோற்றமளிக்கும். அது செத்துப்போன சங்கதி பணம் கொடுத்தவன் படிக்கும் குறிப்பில்தான் இருக்கும். கார்ல் மாலமூட் என்பவருடைய ஸ்தாபனம் அத்தொகுப்பு முழுவதையும் இணையத்தில் போட, மாநிலம் அதன்மேல் வழக்குத் தொடுத்தது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஐந்து பேர் ஒரு பக்கமும் நான்கு பேர் மறுபக்கமுமாக, சட்டசபையின் அதிகாரத்தால் எழுதப்பட்ட அக்குறிப்புகளுக்கும் பதிப்புரிமை கிடையாதென்று தீர்த்தது. ரயிலில் இருப்பதுபோல் சட்டத்திலும் மேல்வகுப்பு, கீழ்வகுப்பு என்று இருக்கலாகாது என்பதே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் கருத்து. இன்னும் அந்நாட்டின் மத்திய கோர்ட்டு வழக்குக் கட்டுகளைப் பார்க்கப் பக்கத்துக்குப் பத்து சென்ட் கட்டணம் வாங்குகிறார்கள். தீர்ப்புகள் மட்டும் இலவசம். எனினும் ஹார்வர்டு சட்டக் கலாசாலையார் தங்கள் புத்தகசாலையிலிருந்த தீர்ப்புத் தொகுதிகளைப் படமெடுத்து, சுமார் 67 லட்சம் வழக்குகளை இணையத்தில் போட்டு, 2024-ல் கடைசித் தடையையும் எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். கோர்ட்டுத் தீர்ப்பை அச்சிடுவது பதிப்புரிமையை மீறுவதாகாதென்று 1957-ம் வருஷத்துச் சட்டமே சொல்லுகிறது. தீர்ப்புகளைத் தொகுத்து விற்கும் கம்பெனி ஒன்று கொண்டுவந்த வழக்கில், 2007 டிசம்பரில், தீர்ப்பின் மூலவாசகம் பொதுவுடைமை. கம்பெனி தன் உழைப்பால் சேர்த்த தலைக்குறிப்பு முதலியவை மாத்திரமே அதற்குச் சொந்தம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. அடுத்த மாதமே, 2008 ஜனவரியில், சுஷாந்த் சின்ஹா என்கின்ற கணிப்பொறி படித்த வாலிபர் ‘இந்தியன் கானூன்’ என்பதை ஆரம்பித்தார். இன்று கிராமத்துப் பையனும் கைப்பேசியில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பையும் ஐக்கோர்ட்டுத் தீர்ப்பையும் காசில்லாமல் படிக்கலாம். சர்க்காருடைய ‘இந்தியா கோட்’ என்பதில் மத்திய சட்டங்களும் மாநிலச் சட்டங்களும் கிடைக்கின்றன. சுப்ரீம் கோர்ட்டே 2023 ஜனவரியில் தன் அதிகாரபூர்வமான தீர்ப்புத் தொகுதிகளில் சுமார் 34,000 தீர்ப்புகளை இலவசமாய்த் திறந்துவிட்டது. 

இதனால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். இரண்டு உதாரணம் சொல்லுகின்றோம்.

முதலாவது, நமது சுயமரியாதைத் திருமணம். 1953-ல் சென்னை ஐக்கோர்ட்டு இத்திருமணத்தைச் செல்லாதென்று சொல்லிற்று. அண்ணா முதலமைச்சராயிருந்தபோது 1967-ல் நிறைவேறி 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்த திருத்தத்தால், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்கின்ற பிரிவு தமிழ்நாட்டுக்கென்று சேர்ந்தது. உறவினரோ, நண்பரோ, வேறு யாரோ இருக்க, தங்களுக்குப் புரிந்த பாஷையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதாய்ச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் போதும். புரோகிதனும் வேண்டாம், ஓமமும் வேண்டாம். 2023 ஆகஸ்டில் இளவரசன் என்பவர் வழக்கில், இதற்கு ஊரறிய விழா நடத்த வேண்டியதில்லை, வக்கீல்களும் நண்பர் என்கிற முறையில் முன்னின்று நடத்திவைக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. “ஐயர் இல்லாமல் கலியாணமா? பதிய மாட்டேன்” என்று ஓர் உத்தியோகஸ்தர் சொல்லுவாரானால், இதையறியாத ஜோடி அழுதுகொண்டு திரும்பும், அறிந்த ஜோடியோ பிரிவையும் தீர்ப்பையும் அவர் மேஜைமேல் வைக்கும். ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். மத்திய சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டுபவன் கண்ணுக்கு 7-ஏ தென்படாமல் போகலாம். மாநிலத் திருத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கடல் கடந்து பிழைக்கப் போகும் நம்மவர் சங்கதி. நம் கிராமங்களிலிருந்து சிங்கப்பூருக்கும், மலேசியாவுக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போகிறவர்கள் வீட்டையும் நிலத்தையும் அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போனவுடன் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் அதுதான் அந்நாட்டு முறை என்று நினைத்துக்கொள்ளுகிறார்கள். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சர்க்காரின் 2021-ம் வருஷத்து 33-வது நெம்பர் தொழிலாளர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அது 2022 பிப்ரவரி முதல் அமுலில் இருக்கிறது. ஆளெடுக்கும் செலவை முதலாளி தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. தொழிலாளியின் அத்தாட்சிப் பத்திரங்களைப் பிடித்து வைக்கவும் கூடாது என்று அச்சட்டத்திலேயே கண்டிருக்கிறது. அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு அச்சர்க்காரின் தளத்தில் இலவசமாய்க் கிடைக்கிறது. சிங்கப்பூர்ச் சட்டங்களும் அப்படியே. தேசந்தோறும் உள்ள தொழிலாளர் சட்டங்களைச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ‘நாட்லெக்ஸ்’ என்பதில் தொகுத்து வைத்திருக்கிறது. பிரயாணத்துக்கு நல்ல நேரம் பார்க்க ஜோசியனிடம் போகிறவர்கள், அதில் பாதி நேரத்தைப் போகும் நாட்டின் சட்டத்தைப் பார்ப்பதில் செலவிட்டால் எவ்வளவோ துன்பம் குறையும்.

தேடும் முறையையும் சொல்லிவிடுகின்றோம். முதலில் எந்த நாட்டுச் சட்டம், அதில் மத்திய சட்டமா மாநிலச் சட்டமா என்று தீர்மானியுங்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா போன்ற நாடுகளில் இது தெரியாமல் தேடினால் தவறான இடத்தில்தான் போய் நிற்பீர்கள். இரண்டாவது, அந்நாட்டுச் சர்க்காரின் தளத்தையே முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் மேலே சொன்ன இலவச நிலையங்களுக்குப் போங்கள். மூன்றாவது, அச்சட்டம் எந்தத் தேதிவரை திருத்தப்பட்ட பாடம் என்று பாருங்கள். நான்காவது, ஜார்ஜியா விஷயத்தில் கண்டதுபோல், எந்தக் கோர்ட்டாவது அப்பிரிவைத் தள்ளியிருக்கிறதா என்று தீர்ப்புகளில் தேடுங்கள். ஐந்தாவது, மொழிபெயர்ப்பாயிருந்தால் எந்தப் பாஷைப் பாடம் செல்லும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அரபு நாட்டில் அரபுப் பாடமே செல்லும்.

இன்னொரு புதிய புரோகிதரும் இப்பொழுது கிளம்பியிருக்கிறார். கேட்டதற்கெல்லாம் உடனே பதில் சொல்லும் செயற்கை அறிவு யந்திரத்தைச் சொல்லுகின்றோம். 2023-ல் நியூயார்க் கோர்ட்டில், இந்த யந்திரம் கொடுத்த தீர்ப்புகளை நம்பி வக்கீல்கள் மனுவில் எழுதிக்கொடுத்தார்கள். அந்தத் தீர்ப்புகளில் பல உலகத்திலேயே இல்லாதவை! ஜட்ஜு 5,000 டாலர் அபராதம் போட்டார். குறி சொல்லுகிறவன் தயங்காமல் சொல்லுகிறான் என்பதற்காக அது நிஜமாகிவிடுமா? யந்திரத்தை வழி கேட்க உபயோகியுங்கள். ஆனால் அது சொன்ன சட்டத்தையும் தீர்ப்பையும் மூலத்தில் கண்ணால் கண்டாலொழிய நம்பாதீர்கள். சாமியார் சொன்னாலும், வக்கீல் சொன்னாலும், யந்திரம் சொன்னாலும், ஏன், நாம் சொன்னாலுங்கூட, மூலத்தைக் காட்டு என்று கேட்பதே பகுத்தறிவாகும்.

“பாமரன் சட்டம் படித்தால் அரைகுறையாய்ப் புரிந்துகொண்டு கெட்டுப்போவான்” என்று சிலர் பரிதாபப்படுகிறார்கள். வேதத்தைப் பற்றியும் இதே பரிதாபத்தைத்தான் அன்று பட்டார்கள். வக்கீலே வேண்டாம் என்று நாம் சொல்லவரவில்லை. நோய் வந்தால் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்த நோயாளியை ஏமாற்றுவது கஷ்டம். தன் வழக்குக்குரிய பிரிவைப் படித்துவிட்டு வரும் கட்சிக்காரனைக் கண்டு யோக்கியமான வக்கீல் சந்தோஷப்படுவார். பயப்படுகிறவர் எப்படிப்பட்டவர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகப் பாஷைப் பூட்டு. இதுதான் நமக்கு மிகவும் கனமானது. ஐரோப்பிய யூனியன் தன் சட்டங்களை 24 பாஷைகளில் வெளியிட்டு, எல்லாப் பாஷைப் பாடமும் சமம் என்கிறது. அவற்றில் ஒன்று மால்டா தீவின் பாஷை. அத்தீவின் ஜனத்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சந்தான்! கானடாவில் இங்கிலீஷ், பிரெஞ்சு இரண்டும் சமம். இலங்கையின் அரசியல் சட்டப்படி சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்பட வேண்டும். அங்கே முரண்பாடு வந்தால் சிங்களப் பாடமே செல்லுமென்று சட்டத்துக்குச் சட்டம் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள் என்பது வேறு அநியாயம். எனினும் சட்டம் தமிழில் வருகிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, சட்டமோ இங்கிலீஷில்தான். ஏழு கோடிப் பேருக்கு மேல் வாழும் தமிழ்நாட்டிலோ, ஐக்கோர்ட்டில் தமிழ் வேண்டுமென்று 2006-ல் சட்டசபை தீர்மானம் போட்டும் அது நிறைவேறவில்லை. இந்தி மாத்திரம் உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய நான்கு மாநில ஐக்கோர்ட்டுகளில் அனுமதி பெற்றிருக்கிறது. இந்திக்கு ஒரு நியாயம், தமிழுக்கு ஒரு நியாயமா? மாநிலச் சட்டசபை தமிழில் சட்டம் செய்தாலும், அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவுப்படி அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வமானது! 2019 முதல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகள் சில தமிழில் மொழிபெயர்த்துப் போடப்படுவதை வரவேற்கின்றோம். ஆனால் மொழிபெயர்ப்பு தெரிந்துகொள்வதற்கு மாத்திரம், சட்டப்படி செல்வது இங்கிலீஷே என்று அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. சமஸ்கிருதம் போய் இங்கிலீஷ் வந்ததே தவிர, குடியானவன் நிற்குமிடம் கோர்ட்டு வாசல்தான்.

ஆகவே தோழர்களே! நாம் சர்க்காரைக் கேட்பது மூன்று. அமுலிலிருக்கும் ஒவ்வொரு சட்டமும், விதியும், கெஜட்டு உத்தரவும் இன்றைய தேதிவரை திருத்திய பாடமாய் இலவசமாய்க் கிடைக்க வேண்டும். அவை தமிழில் இருக்க வேண்டும். அந்தத் தமிழ் கோர்ட்டில் செல்ல வேண்டும். ஒவ்வொரு ஊர்ப் புத்தகசாலையிலும் அதைத் தேடிக் காட்ட ஓர் ஆள் இருக்க வேண்டும். சர்க்கார் செய்யும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நமது வாசகசாலைகளும் கழகக் கிளைகளும் வாரத்தில் ஒரு மாலை இதற்கென்று ஒதுக்கட்டும். இங்கிலீஷ் தெரிந்த வாலிபர்கள் ஒரு பிரிவை எடுத்துப் படித்துத் தமிழில் சொல்லட்டும். முதல் மாலை 7-ஏ பிரிவை எடுங்கள். இரண்டாம் மாலை உங்கள் ஊரார் வேலைக்குப் போகும் நாட்டின் தொழிலாளர் சட்டத்தை எடுங்கள்.

ரோமாபுரியில் ஓர் அடிமையின் மகன் தனியே நின்று செய்த காரியத்தை, கைக்கொரு கைப்பேசி வைத்திருக்கும் நாம் ஊர் கூடிச் செய்ய முடியாதென்றால், அக்குற்றம் புரோகிதனுடையதல்ல, நம்முடையதேயாகும்.